ஆலை மண்ணைப் போட்டுத் தேங்காய் எண்ணெயிலிருந்து பசை செய்ய முடியுமா?

கேள்வி – 2024 பிப்ரவரி 3

ஐயா, காங்கயம் பக்கம் எங்கள் குடும்பம் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்துகிறது. நிறம் எடுக்கப் போடும் பிளீச்சிங் எர்த் வெறும் மண் இல்லை, அது ஒரு வினையூக்கி, அதைப் போட்டு எண்ணெயைக் காய்ச்சினால் பசை, இங்க் ரெசின், பெயின்ட் ஹார்ட்னர் வரைக்கும் செய்யலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மண் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. இறங்கிப் பார்க்கலாமா?

பிப்ரவரி 3, இரவு

வீடியோவில் சொன்னது பாதி சரி. மண் வேலை செய்யும், உங்கள் எண்ணெய் செய்யாது.

இந்த வினைக்குப் பிடிமானமே கொழுப்பு அமிலச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புதான். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற அமிலம், அதாவது அந்தப் பிணைப்பே இல்லாதது. லாரிக் அமிலம் மட்டுமே ஏறத்தாழப் பாதி. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்று காட்டும் அயோடின் மதிப்பு 10-ஐ ஒட்டி நிற்கும். அதை மண்ணோடு போட்டு 240 டிகிரியில் நாள் முழுக்க வைத்தாலும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

சூரியகாந்தி, சோயா இரண்டும் 120-க்கு மேல். தவிட்டெண்ணெய் 100 பக்கம். பாமாயில் 50-ஐ ஒட்டி. ஆசைப்பட்டால் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 4

நேற்று சுருக்கமாக முடித்துவிட்டேன். என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீடியோக்காரர் அதை விட்டுவிட்டார் போலிருக்கிறது.

எண்ணெயை அப்படியே போடுவதில்லை. முதலில் அதைப் பிளந்து கிளிசரினைக் கழற்றிவிட்டுக் கொழுப்பு அமிலமாக்க வேண்டும். அந்த அமிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் மாண்ட்மோரில்லோனைட் வகை மண் (பிளீச்சிங் எர்த்தின் அடிப்படைக் கனிமம் இதுதான்), கூடவே கொஞ்சம் தண்ணீர். அழுத்தம் தாங்கும் மூடிய கலத்தில் (ஆட்டோகிளேவ்) 230 முதல் 250 டிகிரி வரை ஏற்றிச் சில மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலீயிக், லினோலீயிக் போன்ற 18 கார்பன் சங்கிலிகள் இரண்டிரண்டாக ஒட்டி 36 கார்பன் உள்ள டைமர் அமிலம் ஆகும், பசைக்கும் ரெசினுக்கும் மூலப்பொருள் அதுதான். கொஞ்சம் மூன்றாக ஒட்டி ட்ரைமர் ஆகும். ஒரு நல்ல பங்கு எதனோடும் ஒட்டாமல் நிற்கும்.

பிறகு பாஸ்பாரிக் அமிலம் போடுவார்கள். மண்ணிலிருந்து இறங்கிய இரும்பும் மற்ற உலோகங்களும் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து சோப்பாகி நிற்கும், அதை உடைக்கத்தான். அடுத்து ஃபில்டர் பிரஸ்ஸில் அழுத்தி வடிகட்டி மண்ணைப் பிரிப்பார்கள். கடைசியில் வெற்றிடத்தில் சூடாக்கி ஒட்டாத அமிலத்தை ஆவியாக்கி எடுத்துவிட்டால், அடியில் தேன் நிறத்தில் கெட்டியாக நிற்பது டைமர்.

தண்ணீர் எதற்கு என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டதற்கு, "அப்படித்தான் போடுவார்கள்" என்று மேலாளர் முடித்துக்கொண்டார். காரணம் இருக்கிறது. மண் முழுக்கக் காய்ந்துவிட்டால் அதன் அமில வேலை படுத்துவிடும். தண்ணீர் இல்லாத அந்தச் சூட்டில் கொழுப்பு அமிலத்தின் அமிலத் தலையும் கார்பன் டைஆக்சைடாகக் கழன்று போகத் தொடங்கும். இரண்டு முனையிலும் அமிலத் தலை இருந்தால்தான் டைமருக்கு விலை. தலை போனால் வெறும் கனமான எண்ணெய்.

பிப்ரவரி 4, மாலை

தனிச்செய்தியில் ஒருவர் பிரஷர் குக்கரில் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். 240 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தம் 33 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 33 மடங்கு). குக்கர் வெயிட் ஏறத்தாழ ஒரு பாரில் தூக்கிக்கொள்ளும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டுவிட்டு.

பிப்ரவரி 9

முல்தானி மட்டியும் இதுவும் ஒன்றா என்று கேட்டவருக்கு.

சொந்தக்கார மண்தான், ஆனால் ஒன்றில்லை. முகத்துக்குப் போடும் மட்டி எண்ணெயை உறிஞ்சும், அதோடு சரி. ஆலைக்கு வரும் பிளீச்சிங் எர்த், மாண்ட்மோரில்லோனைட் நிறைந்த பெண்டோனைட் களிமண்ணைக் கந்தக அமிலத்திலோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ வேகவைத்துக் கழுவி எடுத்தது. நம் நாட்டில் பெண்டோனைட் பெரிதும் கட்ச், பார்மர் பக்கத்திலிருந்து வருகிறது.

உள்ளே அமைப்பு அப்பளக் கட்டு மாதிரி. ஒவ்வொரு அப்பளமும் ஒரு மெல்லிய சிலிக்கேட் தகடு. தகட்டின் நடுவில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருப்பதால் தகட்டுக்கு எதிர் மின்னூட்டம் வந்துவிடுகிறது. அதைச் சமன்செய்ய இரண்டு தகடுகளுக்கு நடுவில் சோடியமோ கால்சியமோ, கொஞ்சம் தண்ணீரோடு. அமிலத்தில் வேகவைக்கும்போது அந்த இடத்தில் ஹைட்ரஜன் அயனி வந்து சேர்கிறது, தகட்டின் ஓரங்களிலிருந்து அலுமினியம் கரைந்து வெளியேறுகிறது, கட்டு பிரிந்து ஓட்டையும் இடுக்குமாக ஆகிறது. ஒரு கிராமுக்கு 200, 300 சதுர மீட்டர் பரப்பு கிடைப்பது இப்படித்தான். ரொம்ப நேரம் வேகவைத்தால் தகடே போய் வெறும் சிலிக்கா மிஞ்சும். அது இந்த வேலைக்கு உதவாது.

இந்த மண் அமிலம்தான் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயிலை ஹெக்சேனில் நன்றாக நீர்க்கச் செய்து, நனையாத, அமிலத்தில் பதப்படுத்திய எர்த் மேல் சில சொட்டு விட வேண்டும். ஆரஞ்சு நிறம் மண்ணில் பட்டதும் நீலப் பச்சையாகும். அந்த நிறத்தைத் தரும் கரோட்டீன் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆரஞ்சாகவே அல்லவா இருக்க வேண்டும்? மண்ணிடமிருந்து புரோட்டானை வாங்கிக்கொண்டு வேறொன்றாக மாறியிருக்கிறது. லேபுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் நான் விட்டதில்லை. ஹெக்சேன் தீப்பிடிக்கும், அடுப்பு இருக்கும் அறையில் வேண்டாம்.

பிப்ரவரி 11

இதையெல்லாம் யார் தொடங்கினார்கள் என்ற பேச்சு வந்ததால் கொஞ்சம் வரலாறு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

மண்ணைப் பெரிய அளவில் வினையூக்கியாக்கிக் காட்டியது எண்ணெய்க்காரர்கள்தான், ஆனால் பெட்ரோலிய எண்ணெய்க்காரர்கள். பிரான்ஸிலிருந்து அமெரிக்கா போன யூஜீன் ஹூட்ரி, அமிலத்தில் பதப்படுத்திய மண்ணை வைத்துக் கச்சா எண்ணெயின் கனமான பகுதியைப் பெட்ரோலாக உடைத்தார். 1937-இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹூக்கில் சன் ஆயில் ஆலையில் அது பெரிய அளவில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் விமானப் பெட்ரோலுக்கு இந்த முறை பெரிதும் கைகொடுத்தது.

தாவர எண்ணெய்ப் பக்கம் கதை வேறு. அதே போர்க்காலத்தில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது, இல்லினாய் மாநிலம் பியோரியாவில் இருந்த வேளாண் துறை ஆய்வகம் சோயா எண்ணெயின் டைமர் அமிலத்திலிருந்து நோரிபோல் என்ற ரப்பர் மாற்றையும் நோரிலாக் என்ற பாலிஅமைடு (அமிலமும் அமீனும் கோத்த ரெசின்) பூச்சையும் செய்தது. போர் முடிந்ததும் ரப்பர் மாற்று மறைந்துவிட்டது, பாலிஅமைடு வழி நிலைத்தது.

சின்சினாட்டியின் எமரி நிறுவனம் 1949-இல் பெற்ற காப்புரிமையில் மண் கிடையாது, நீராவி அழுத்தமும் சூடும்தான். மண்ணைப் போடும் அதன் காப்புரிமைகள் 1957-இல் வந்தன. அங்கே மூலப்பொருளாகப் பின்னால் பெரிதும் நின்றது பைன் மரக் கூழ் ஆலைகளில் கிடைக்கும் டால் ஆயில் கொழுப்பு அமிலம். சாப்பிடும் எண்ணெயைப் பசைக்குப் போடுகிறார்களே என்று மேலே ஒருவர் கோபப்பட்டிருந்தார். அங்கே அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை.

பிப்ரவரி 18

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே உருப்படியானது: "பெட்ரோலியத்தில் 1960-களிலேயே ஜியோலைட் வந்து மண்ணை வெளியே தள்ளிவிட்டதே, இங்கே ஏன் தள்ளவில்லை?"

ஜியோலைட் என்பதும் அலுமினியமும் சிலிக்கானும் சேர்ந்த, துளைகள் நிறைந்த படிகம்தான். நான் முதலில் விலை என்று எழுதத்தான் இருந்தேன். விலையும் உண்டு. ஆனால் ஓட்டையின் அளவைப் பாருங்கள். ஜியோலைட்டின் துளைகள் ஒரே அளவில் வார்த்தவை, ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. பெட்ரோலைப் பொறுத்தவரை அது வரம். இங்கே நமக்கு வேண்டியது இரண்டு நீளச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும் இடம். 36 கார்பன் உள்ள பருமனான ஆள் அந்தத் துளைக்குள் உருவாகவே முடியாது. மண்ணில் தகட்டு ஓரங்கள், விரிந்த இடுக்குகள் என்று எல்லா அளவிலும் இடம் இருக்கிறது. ஒழுங்கில்லாத அமைப்புதான் இங்கே மண்ணுக்குச் சாதகம்.

தலைகீழாகவும் இது உண்மை. டைமரே வேண்டாம், சங்கிலி கிளைவிட்டால் மட்டும் போதும் என்றால் ஜியோலைட்டுக்குத்தான் போக வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் விண்ட்மூர் ஆய்வகத்தில் ஃபெர்ரியரைட் என்ற ஜியோலைட்டை வைத்து ஒலீயிக் அமிலத்தை அப்படித்தான் கிளைவிட வைத்தார்கள். துளை குறுகலாக இருப்பதால் இரண்டு சங்கிலி ஒட்ட வழியில்லை, டைமர் குறைவாகவே வரும்.

மண்ணுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. ஒட்டவும் வைக்கும், கிளைவிடவும் வைக்கும், ஒரு சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுத்து அதை ஸ்டியரிக் அமிலமாகவும் ஆக்கும். பிடுங்கப்பட்ட பக்கம் பென்சீன் வளையம் வரைக்கும் போகும். ஆலையை நடத்துவது என்றால் இவை அத்தனைக்கும் வாங்குகிற ஆள் வைத்திருப்பது என்று அர்த்தம். டைமரை மட்டும் நம்பி ஆலை போடுகிறேன் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, ஒட்டாமல் நின்றதை யாரிடம் விற்பீர்கள்?

பிப்ரவரி 19

அந்த "ஒட்டாமல் நின்றது" பற்றி. நாங்கள் ஆலையில் அதை மோனோமர் என்போம். ட்ரம்மில் பிடித்து மூலையில் அடுக்கியிருந்த காலமும் உண்டு. அதில் கணிசமான பங்கு கிளைவிட்ட சங்கிலி. ஹைட்ரஜன் ஏற்றி, நேர்ச்சங்கிலி ஸ்டியரிக்கை உறையவைத்துப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவது ஐசோஸ்டியரிக் அமிலம்.

இதன் அழகு என்னவென்றால், ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரியில்தான் உருகும், மெழுகுக் கட்டி. அதே 18 கார்பனை ஒரு கிளையோடு வைத்தால் அறைச் சூட்டில் திரவம். ஒலீயிக்கும் திரவம்தான், ஆனால் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். ஐசோஸ்டியரிக்கில் அந்தப் பிணைப்பு இல்லை, சிக்குப் பிடிக்காது. வீட்டில் லிப்ஸ்டிக் இருந்தால் பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். ஐசோஸ்டியரேட், டைஐசோஸ்டியரில் மாலேட் என்று ஏதாவது தென்படும். மூலையில் அடுக்கிய ட்ரம்மின் பேத்திகள் அவை.

மார்ச் 2

"டைமர் எங்கே போகிறது, நான் பார்த்ததே இல்லையே" என்றவருக்கு: பார்த்திருப்பீர்கள், பெயர் தெரிந்திருக்காது.

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் செய்யும் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, மடிப்பு மெஷினில் கொடுக்கிறார் ஒரு அம்மா. மெஷினின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் பசை ஓரத்தில் கோடாக இறங்குகிறது, அதே நொடியில் சின்னச் சுத்தியல் ஓரத்தை மடித்துத் தட்டுகிறது. விரலை எடுப்பதற்குள் ஒட்டியாயிற்று. பக்கத்துப் பையில் இருந்த குச்சியை முகர்ந்து பார்த்தேன், லேசான கொழுப்பு வாசம். டைமரில் செய்த பாலிஅமைடு ஹாட்மெல்ட், அதாவது சூட்டில் உருகி ஆறினதும் ஒட்டும் பசை. "என்ன சார் சாக்லேட்டா அது, மோந்து பார்க்குறீங்க" என்றார் அந்த அம்மா.

நைலான் 66-உம் பாலிஅமைடுதான், ஆனால் அது உருக 260 டிகிரியைத் தாண்ட வேண்டும். தோல் கருகிவிடும். டைமர் அமிலத்தில் கிளையும் வளையமுமாக இருப்பதால் சங்கிலிகள் நைலான் போல வரிசையாக அடுக்கி நிற்க முடியாது. அதனால் குறைந்த சூட்டிலேயே இளகும், ஆறினதும் சட்டென்று இறுகும், வளைத்தால் உடையாது.

இன்னொரு இடம் எபாக்சி பெயின்டின் இரண்டாவது டப்பா. டைமரோடு ட்ரைஎதிலீன் டெட்ராமைன் மாதிரி அமீன்களைச் சேர்த்தால் ஹார்ட்னர். கொழுப்புச் சங்கிலி நீளமாக இருப்பதால் பூச்சு தண்ணீரை அண்டவிடாது, இரும்பு சூட்டில் நீளும்போது விரிசலும் விடாது. கப்பல், தண்ணீர்த் தொட்டி, பாலம் இதற்கெல்லாம் அந்த வகைதான். பாலித்தீன் பைகளின் மேல் அச்சடிக்கும் இங்கிலும் பாலிஅமைடு உண்டு.

மார்ச் 15

எல்லோரும் பொருளைப் பற்றியே கேட்கிறீர்கள். மண் வேலை முடிந்து எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்தத் தொழிலில் தலைவலி கொடுத்ததே அதுதான்.

ஃபில்டர் பிரஸ்ஸைத் திறந்தால் விழும் கேக்கில் (வடிகட்டியில் தங்கிய மண் கட்டியில்) எடைக்கு நூற்றுக்கு 20, 30 பங்கு எண்ணெய் இருக்கும். நிறைவுறாத எண்ணெய், பெரிய பரப்பில் மெல்லிசாகப் பரவி, சூடாக, காற்றில். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். ஆக்சிஜன் சேரச் சேரச் சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் உள்ளே பிறந்த சூடு வெளியே வர வழியில்லை.

நான் இருந்த ஒரு ஆலையில் இரவு ஷிப்டில் கேக்கைக் கொட்டகைச் சுவரோரம் இடுப்பளவுக்குக் குவித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் விடியலில் மேலே லேசாக ஆவி, கண்ணை எரிக்கும் சிக்கு நெடி. காவலாளி பனி என்று நினைத்துவிட்டார். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டித் திறந்ததும் உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது, காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. கொட்டகைக் கூரைத் தகடு நான்கு போயிற்று. குவிக்காதீர்கள் என்று அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். இடமில்லை என்று பதில் வந்திருந்தது. தீக்குப் பிறகு இடம் கிடைத்தது.

செய்ய வேண்டியவை எளிது. பிரஸ்ஸில் இருக்கும்போதே நீராவியாலோ நைட்ரஜனாலோ ஊதி எண்ணெயை இறக்குங்கள், சூடான கேக்கின் மேல் காற்றை விடாதீர்கள். கொட்டியதும் பரப்பிப் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். அன்றன்றே வெளியேற்றுங்கள். சூரியகாந்தி, சோயா கேக் மோசம். தேங்காய் எண்ணெய் கேக்கில் இந்தப் பயம் குறைவு, கேள்வி கேட்ட தம்பி அந்த விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மார்ச் 16

மண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாதா என்று ஒருவர். எரித்தால் கரி போகும், ஆனால் சூட்டைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றினால் தகடுகள் சுருங்கிப் பழைய சுறுசுறுப்பு போய்விடும். எங்களிடம் செங்கல் சூளைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள், எண்ணெய் எரிபொருளாகும், மண் செங்கல்லில் சேர்ந்துவிடும். மலிவான வினையூக்கி என்று பேசும்போது மண்ணின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். அது போகும்போது தூக்கிக்கொண்டு போகும் கொழுப்பு அமிலத்தையும் சேர்த்துப் போட்டால் அவ்வளவு மலிவில்லை. இருந்தாலும் தூக்கிப் போடக் கட்டுப்படியாகும் வினையூக்கி இதை விட்டால் வேறு இல்லை, அதனால்தான் இன்னும் ஓடுகிறது.

ஏப்ரல் 7

ஆமணக்கைப் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். உலகில் மிக அதிகமாக ஆமணக்கு விளைவிப்பது நாம்தான், அதில் பெரும்பங்கு குஜராத். இங்கே சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டி ரிசினோலீயிக் அமிலம். அதில் இரட்டைப் பிணைப்போடு ஒரு ஹைட்ராக்சிலும் இருக்கிறது. அமில மண்ணோ கந்தக அமிலமோ போட்டு வெற்றிடத்தில் 250 டிகிரி பக்கம் சூடாக்கினால் அந்த ஹைட்ராக்சில் தண்ணீராகக் கழன்று இன்னொரு இரட்டைப் பிணைப்பு பிறக்கும். சிலவற்றில் இரண்டு பிணைப்பும் அடுத்தடுத்து அமையும். இதுதான் பெயின்ட் தொழிலில் டிசிஓ (நீர் நீக்கிய விளக்கெண்ணெய்) என்பது. தானாகக் காயாத விளக்கெண்ணெய் காயும் எண்ணெயாகிவிடும். இரண்டு பிணைப்பும் அடுத்தடுத்து இருக்கும் சங்கிலி டைமராவதற்கும் ஆயத்தமாக நிற்கும். சூட்டைப் பிடித்து வைக்காவிட்டால் கேட்காமலே கெட்டியாகும். ஒரு பேட்ச் கலக்கியிலேயே இறுகிப்போய், உளி வைத்து எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 21

கேள்வி கேட்ட தம்பி திரும்பி வந்து, "அப்போது எங்கள் மண்ணும் எண்ணெயும் ஒன்றுக்கும் ஆகாதா ஐயா" என்று சோகமாகக் கேட்டிருக்கிறார்.

நான் ஆகாது என்றது சங்கிலி நடுவில் நடக்கும் வேலைக்கு. அமிலத் தலையில் நடக்கும் வேலைக்கு இரட்டைப் பிணைப்பு தேவையில்லை. ஈரக் கொப்பரையிலிருந்து வந்த எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது ஒதுங்கும் கொழுப்பு அமிலத்தை மெதனாலோடோ வேறு ஆல்கஹாலோடோ எஸ்டராக்க அமில மண் போதும். கந்தக அமிலம் இன்னும் வேகமாகச் செய்யும், ஆனால் பாத்திரத்தை அரிக்கும், பிறகு நடுநிலையாக்கிக் கழுவ வேண்டும். மண் என்றால் வடிகட்டினால் முடிந்தது. வினையில் பிறக்கும் தண்ணீரை அவ்வப்போது வெளியே எடுக்காவிட்டால் பாதியில் நின்றுவிடும், அதுதான் தொல்லை.

இரண்டு விஷயம் செய்யுங்கள். ஒதுங்கும் பொருளின் அமில மதிப்பையும், மாதத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்பதையும் எடுத்து இங்கே போடுங்கள். மூட்டையில் இருக்கும் எர்த் அமிலத்தில் பதப்படுத்தியதா, இயற்கை மண்ணா என்று சப்ளையரிடம் கேளுங்கள். இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கும், விற்பவருக்கே சில சமயம் தெரியாது. மெதனால் வாங்கும் முன் உரிமம் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், நம் மாநிலத்தில் அதில் கெடுபிடி அதிகம்.